பேசாப்படச் சுவரொட்டிகளும் செப்பனிடும் நெறியும்

பேசாப்படக் காலத்துச் சுவரொட்டிகளைத் தொகுப்பாரும் செப்பனிடுவாரும் இன்று மேலைநாடுகளிற் பலர் உளர். அவர்தம் பணி பொழுதுபோக்கு என்றும் வாணிகம் என்றும் பேசப்படுகின்றது. பழைய பனுவல் ஒன்றைப் பதிப்பிப்பவர்க்குரிய பொறுப்பு அவர்க்கும் உண்டு என்ற கருத்தோ இன்னும் நிலைபெறவில்லை. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்காணும் பயிற்சியுடைய தமிழ் மாணவர்க்கு இத்துறை அயலதாகத் தோன்றலாம்; ஆயினும் அங்கு எழும் வினாக்கள் நமக்குப் பழகிய வினாக்களே. எது மூலம்? எது பிற்காலத்தார் சேர்த்தது? சிதைந்த இடத்தை நிரப்பும் உரிமை யாருக்கு உண்டு? நிரப்பினால் அதனைக் காண்பார்க்கு அறிவிக்கும் கடமை உண்டா, இல்லையா? இவ்வினாக்களைச் சுவரொட்டியின்மேல் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இழப்பின் அளவை நோக்குவாம். அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டார் வெளியிட்ட நெடிய பேசாப்படங்கள் 10,919. அவற்றுள் முதலில் வெளியிட்ட வடிவத்திலேயே முழுமையாக எஞ்சியவை 1,575. நூற்றுக்கு 14 என்பது கணக்கு. சிறிய படச்சுருள்களாகவும் குறைப்பட்டும் அயல்நாட்டுப் படிகளாகவும் கிடைப்பவற்றைச் சேர்த்து எண்ணினும் நூற்றுக்கு 30 அளவிலேயே நிற்கின்றது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டுச் சுருளில் பதிக்கப்பெற்ற ஏனைய படங்கள் எரிந்தன, அழுகின, வெள்ளியைப் பிரித்தெடுக்கும்பொருட்டு உருக்கவும் பட்டன. நம் நாட்டின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியப் பேசாப்படங்களுள் எஞ்சியவை சில பத்துக்களே. சென்னையில் நடராச முதலியார் எடுத்த கீசகவதம் இன்று இல்லை. தென்னாட்டுப் பேசாப்படங்களுள் காணக் கிடைப்பது 1933-இல் வெளிவந்த மார்த்தாண்ட வர்மா ஒன்றே என்பர்.

படம் அழிந்தபோதும் அதனைக் குறித்து அச்சிட்ட தாள் ஓரோவழி எஞ்சுகின்றது. வளையாபதி முழுதும் கிடையாதொழியினும் உரையாசிரியரும் தொகுப்பாசிரியரும் எடுத்தாண்ட செய்யுட்களால் அப்படியொரு காப்பியம் இருந்தமையை நாம் அறிகின்றோம் அன்றோ? அதுபோலவே இதுவும். டாட் பிரௌனிங் இயக்க லான் சேனி நடித்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' என்னும் படம் 1927-இல் வெளிவந்தது. அதன் இறுதிப் படி எனக் கருதப்பட்டது 1965-இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கிடங்கில் எழுந்த தீயில் அழிந்தது. அப்படத்தின் ஒருதாட் சுவரொட்டிகளுள் அறியப்பட்ட ஒரே படி 2014-இல் ஏலத்தில் 4,78,000 டாலருக்கு விலைபோயிற்று. காண இயலாத ஒரு படத்தின் விளம்பரத்தாள் இத்துணை விலை பெற்றதற்கு அருமைப்பாடு ஒன்றே காரணம் என்று சொல்லிவிடலாம். எனினும் அத்தாள் ஒரு சான்று என்பதும், அதற்கு மாற்றுச் சான்று இல்லை என்பதும் அவ்விலையினுள் அடங்கியிருக்கின்றன என்றே யாம் கருதுகின்றோம்.

சான்று எனின், எதற்குச் சான்று? ஈண்டுத் தொகுப்பாளர் பலர் வழுக்குகின்றனர். சுவரொட்டியைப் படத்தின் சுருக்கமாகவோ படத்தினின்றும் பெயர்த்தெடுத்த ஒரு காட்சியாகவோ அவர் கொள்கின்றனர். அது பொருந்தாது. சுவரொட்டியை ஒருவகைப் பாயிரம் என்று கொள்ளுதலே தகும். நூலின் பெயரையும் செய்தான் பெயரையும் அறிவித்து, பொருளைக் குறிப்பாற் சுட்டி, இன்னார் கேட்டற்குரியர் என்று அவரை அழைத்து, கேட்டலால் வரும் பயனைக் கூறுவது பாயிரம். சுவரொட்டியும் இவற்றையே செய்கின்றது. பாயிரத்தைச் செய்தவர் நூலாசிரியரல்லாத பிறராதல் கூடும் என்பதும், அவர் நூலைப் புகழ்ந்தே கூறுவர் என்பதும் நாம் அறிந்தவை. அப்புகழ்ச்சியைக் கழித்துக் கொள்ளும் முறையைச் சுவரொட்டியிடத்தும் கையாளல் வேண்டும்.

படமும் சுவரொட்டியும் ஒருங்கே எஞ்சியுள்ள இடங்களில் இக்கழிவின் அளவை நாம் கணித்துக்கொள்ளலாம். 1927-இல் பெர்லினில் வெளியான பிரிட்சு லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' படத்துக்கு ஐன்சு சூல்ட்சு நாய்டாம் வரைந்த சுவரொட்டியை நோக்குக. இரண்டு மீட்டரினும் மிக்க உயரமுடைய தாளில் வானளாவிய மாடங்கள் அடுக்கடுக்காக எழுகின்றன; அடியில் இரும்புப் பாவையின் தலையும் தோளும் நம்மை நேர்நோக்கி நிற்கின்றன. பொன்மையும் பழுப்பும் கலந்த ஒருநிறத் தோற்றம். நகரமே அப்பாவையின் பின்னின்று முளைத்தது போலும். படத்தைக் கண்டாரோ வேறு கூறுவர். இரும்பு உருவில் அப்பாவை தோன்றும் காட்சிகள் மிகச் சிலவே. அவை பெரிதும் அதனைச் செய்தவனது மனையின்கண் நிகழ்வன. நகரத்தார் காண்பது மரியா என்னும் பெண்ணின் வடிவை அது மேற்கொண்ட பின்னரேயாம். தீயில் எரியுங்காலையே உள்ளிருந்த இரும்பு வெளிப்படுகின்றது. படம் இழந்து இத்தாள் மட்டும் எஞ்சியிருப்பின், இரும்புப் பாவை தன் உருவோடே நகரத்தெருக்களில் உலவிற்று என்று நாம் எழுதியிருப்போம். ஓவியர் பொய்யுரைத்தாரல்லர். படத்தின் உட்பொருளை, மனிதரை இயந்திரமாக்கும் நகரம் என்பதனை, ஒரே தோற்றத்தில் அடக்கினார். அது உரைகாரர் கூற்று, நூலின் கூற்றன்று.

சோவியத்து நாட்டு இசுடென்பெர்க்கு உடன்பிறந்தார் இருவரும் இவ்வுரிமையை இன்னும் மிகுதியாக ஆண்டனர். படச்சட்டங்களைத் தாளின்மேல் ஒளிவீழ்த்திப் பெருக்கவும் திரிக்கவும் வல்ல கருவி ஒன்றைத் தாமே அமைத்துக்கொண்டு அவர்கள் வரைந்தனர். சீகா வெர்தோவின் 'திரைப்படக் கருவியுடன் ஒரு மனிதன்' என்னும் 1929-ஆம் ஆண்டுப் படத்துக்கு அவர்கள் அமைத்த தாளில், மாடங்களைக் கீழிருந்து நோக்கும் கோணத்தில் ஒரு பெண்ணின் உறுப்புக்கள் பிரிந்து பிரிந்து வானில் மிதக்கின்றன. மாஸ்கோ, கீவ், ஒடெசா முதலிய நகர்களில் எடுக்கப்பெற்ற அப்படத்தில் இத்தகைய வானளாவும் மாடங்கள் இல்லை. ஆனால் படத்தைக் கண்டு வெளிவந்தவன் தலை சுழல்வது போன்ற உணர்ச்சியைத் தாள் அப்படியே தருகின்றது. சோவியத்துச் சுவரொட்டிகளின் அடியில் அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையும் பொறிக்கப்பெற்றிருத்தல் ஆய்வாளர்க்குப் பெருந்துணை. அமெரிக்கத் தாள்களில் இவ்வழக்கம் இல்லை.

இவ்வாறு நோக்குங்கால் தாளின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு தரத்துச் சான்று என்பது போதரும். பெயர்கள், நிறுவனம், அச்சகம், எண் முதலியன உறுதியான சான்று. உருவங்கள் உரைச்சான்று. கிழிவு, மடிப்பு, முத்திரை, ஒட்டுச்சீட்டு ஆகியன அப்படியைப் பற்றிய சான்று. செப்பனிடுவார் கை முதலிற் படுவது இம்மூன்றாவதன்மேலேயே. அதுவே எமது கவலை.

தாள் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு அழிகின்றது என்பதை அறியாமல் செப்பனிடுதலைப் பற்றிப் பேசுதல் இயலாது. அக்காலத்துச் சுவரொட்டிகளுள் சிறந்தவை கல்லச்சு முறையில் உருவானவை. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவாத இயல்பே அம்முறையின் அடிப்படை. பதமான சுண்ணக்கல்லின் முகத்தில் எண்ணெய்ப்பசையுடைய கோலால் வரைந்து கல்லை நனைப்பர். வரைந்த இடம் நீரை விலக்கி மையை ஏற்கும், வரையாத இடம் நீரை ஏற்று மையை விலக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். பின்னாளில் துத்தநாகத் தகடும் அலுமினியத் தகடும் கல்லின் இடத்தைக் கொண்டன. ஐந்தாறு நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பதிந்து பிறக்கும் அத்தாளைப் பெருக்குக்கண்ணாடியால் நோக்கின், கல்லின் முகத்திலுள்ள மணல்மணி போன்ற பொடிப்பு தெரியும். புகைப்பட வழிப் பிற்கால மறுபதிப்பிலோ ஒழுங்காக நிரைத்த புள்ளிகள் தெரியும். ஓலையின் எழுத்தமைதி கொண்டு காலங்காண்பார் போல, இப்பொடிப்பைக் கொண்டே மூலத்தையும் போலியையும் பிரிப்பர். தாளின் பழமைக்கு வேறொரு சோதனையும் உண்டு. ஏறத்தாழ 1950-க்குப் பின் தாளுக்கு வெண்மை கூட்டும் ஒளிர்பொருள்களைச் சேர்க்கும் வழக்கம் பரவியமையின், புறவூதாக் கதிரில் நீலமாக ஒளிரும் தாள் பேசாப்படக் காலத்ததாதல் அரிது.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து மார்கன், ஓட்டிசு ஆகிய கல்லச்சு நிறுவனங்கள் பெருந்தொகையாக அச்சிட்டன. ஒருதாள் என்பது 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் உடையது. மூன்றுதாள், ஆறுதாள் என வளர்ந்து 24 தாள்கள் இணைந்த பெருஞ்சுவர் விளம்பரம் வரை அது செல்லும். கடைச் சாளரங்களில் வைக்கும் 14-க்கு 22 அங்குல அட்டையும், அரங்கின் முகப்பறையில் எட்டெட்டாக வைக்கும் 11-க்கு 14 அங்குலக் காட்சியட்டையும் வேறு. காட்சியட்டைகள் படத்தின் நிழற்படங்களினின்று செய்யப்பட்டமையின், அழிந்த படங்களைப் பொறுத்தமட்டில் அவை மேற்கோட் செய்யுட்களுக்கு ஒப்பாவன.

இத்தாள்கள் நிலைத்திருக்கச் செய்யப்பட்டன அல்ல. மரக்கூழினால் செய்த மலிந்த தாளில் லிக்னின் என்னும் பொருள் நீங்காது நிற்கும். அது ஒளியாலும் காற்றாலும் பழுத்து அமிலத்தைப் பிறப்பிக்கும். மை பரவாதபடி தாளுக்கு ஊட்டிய படிகாரமும் பிசினும் அவ்வமிலத்தை மிகுவிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தாளின் நார்கள் இற்று, மடித்த இடம் முதலில் ஒடியும். அஞ்சலில் அனுப்பும்பொருட்டுத் தாள்கள் அச்சகத்திலிருந்தே மடிந்து வந்தன. அரங்கினர் அவற்றை வாடகைக்குப் பெற்று, ஒட்டியோ முளையடித்தோ காட்டித் திருப்பியனுப்ப, அவை அடுத்த ஊருக்குச் சென்றன. இவ்வாறு பல கைப்பட்டு நைந்தனவே பெரும்பாலன. சுவரில் ஒட்டியவை மழையோடு போயின. அல்லது அடுத்த வாரத்துத் தாளின் கீழ் மறைந்தன. பென்சில்வேனியா மாநிலத்துப் பெரிக்கு என்னும் ஊரில் ஒரு வீட்டுப் பரணில், சுவர்த்தாள் ஒட்டும் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கெட்டிப்பட்ட ஓர் அடுக்கு கிடைத்தது. ஈரமேற்றிப் பொறுமையாகப் பிரித்தபோது 33 சுவரொட்டிகள் வெளிப்பட்டன. 2012-இல் அவை ஏலத்தில் 5,00,000 டாலருக்கு மேல் விலைபோயின. அவை 1930, 1931 ஆண்டுகளைச் சார்ந்த பேசும்படத் தாள்களேயாயினும், பேசாப்படத் தாள்களும் எஞ்சும் வகை இதுவேயாதலின் ஈண்டு எடுத்துக்காட்டினோம். காப்பாற்றும் நோக்கத்தோடு ஒருவர் வைத்தமையால் எஞ்சியவை சிலவே. பிற பயன் கருதியோ கவனியாமையாலோ தப்பியவையே மிகுதி.

இனிச் செப்பனிடும் முறையைக் காண்பாம். மையின் நிறம் நீரிற் கரையுமா என்று ஒரு மூலையில் தொட்டுச் சோதித்தல் முதற் செயல். கரையாது எனத் தெளிந்தபின் தாளைத் தூயநீரில் இட்டு அமிலத்தையும் அழுக்கையும் போக்குவர். சுண்ணமோ மக்னீசியமோ கலந்த நீரால் எஞ்சிய அமிலத்தை மாற்றுவர். பழைய ஒட்டுநாடாவின் பிசினை அதற்குரிய கரைப்பான் கொண்டு நீக்குவர். பின்னர்ச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய பருத்திக் கித்தானின்மேல் அமிலமற்ற சப்பானியத் தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டி, அதன்மேல் நனைந்த சுவரொட்டியைப் பரப்பித் தூரிகையால் நீவுவர். உலருங்கால் கித்தான் இழுக்க, தாள் தட்டையாகி மடிப்புக்கள் அடங்கும். ஓட்டைகளுக்கு அதே காலத்துப் பழந்தாள் துண்டையோ தாட்கூழையோ இட்டு நிரப்புவர். இறுதியில் நீர்வண்ணத்தாலும் வண்ணக்கோலாலும், சிலர் தெளிதூரிகையாலும், இழந்த நிறத்தை மீட்பர்.

இவற்றுள் கழுவுதலும் அமிலநீக்கமும் தாளின் உயிரைக் காப்பன. அவற்றை யாரும் குறை கூறார். கோதுமைப் பசையும் நீரில் நெகிழ்வதாதலின், வேண்டுங்கால் மீட்டும் பிரித்தெடுத்தல் கூடும். இடர் தொடங்குவது நிறமீட்பில். மடிப்பின் வழியே உதிர்ந்த நூலளவு நிறத்தை ஒருவர் தூரிகை முனையால் நிரப்புகின்றார், அது பொறுக்கத்தக்கதே. அடுத்தவர் மங்கிய வானம் முழுவதையும் ஒரே நிறமாகத் தெளித்து மூடுகின்றார். தெளிதூரிகையின் நிறம் வழவழப்பானது. கல்லின் பொடிப்பு அதன்கீழ் மறைகின்றது. மூன்றாமவர் இழந்த மூலையில் நடிகையின் கையை வேறொரு தாளைப் பார்த்தோ ஊகித்தோ வரைந்துவிடுகின்றார். ஏலக்காரர் பட்டியலில் இம்மூவர் பணியும் ஏறக்குறைய ஒரே சொல்லாற் குறிக்கப்பெறுகின்றன. வாங்குவார்க்குத் தாளின் தோற்றம் தெரிகின்றதேயன்றி, அத்தோற்றத்தில் எவ்வளவு 1920-ஐச் சார்ந்தது, எவ்வளவு நேற்றையது என்பது தெரியவில்லை.

பாடத்தை நிரப்புதல் பற்றித் தமிழ்ப் பதிப்புலகம் கண்ட நெறி ஈண்டு நினைக்கத்தக்கது. உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது சிதைந்த அடிகளைத் தம் கவித்திறத்தால் நிரப்பினாரல்லர். கிடையாத இடத்தைப் புள்ளிகளாற் காட்டினார். 1904-இல் வெளியிட்ட பதிற்றுப்பத்து முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லாத நூலாகவே வந்தது. இரண்டு பத்தினை யாத்துச் சேர்க்க வல்ல புலவர் அன்று இல்லாமல் இல்லை. சேர்த்திருப்பின் நூல் நிறைவுடையதாய்த் தோன்றியிருக்கும். எஞ்சிய எட்டுப் பத்தின்மீதும் நமக்கு ஐயம் பிறந்திருக்கும். செப்பனிட்ட சுவரொட்டியின் நிலையும் அதுவே. ஊகித்து வரைந்த கை ஒன்று அத்தாளில் இருப்பதை அறிந்தபின், எஞ்சிய முகத்தையும் ஐயுறாமல் நோக்குதல் அரிது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அது எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. சுவரொட்டி படிப்பதற்குரிய ஏடு அன்று. தெருவில் செல்வானைத் தொலைவிலிருந்தே நிறுத்துவதற்குச் செய்த ஓவியம். நிறம் மங்கி நடுவிற் பிளந்து நிற்கும் தாள் அத்தொழிலைச் செய்யாது. செய்யாத தாள் சுவரொட்டியே அன்று. ஆகவே அதன் பயனை மீட்பதே அதனை மீட்பது என்பர் அத்தொழில் வல்லார். இம்மறுப்பில் உண்மை உளது. புள்ளியிட்ட செய்யுளைப் படிப்பவன் புள்ளியைக் கடந்து பொருளைத் தொடர்வான். ஓவியத்தின் நடுவேயுள்ள வெண்டிட்டையோ கண் கடவாது, அதன்மேலேயே சென்று நிற்கும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை இத்தாலியர் கண்டனர். உரோம் நகரில் 1939-இல் நிறுவப்பெற்ற நடுவண் செப்பனிடு நிலையத்தின் முதல் இயக்குநரான செசரே பிராண்டி, 1963-இல் தம் கொள்கையை நூலாக வெளியிட்டார். ஓவியத்தின் ஒருமையை மீட்கலாம். ஆனால் பொய்யான மூலத்தைப் படைத்தலும் காலம் அதன்மேல் விட்ட தடத்தை அழித்தலும் கூடா என்பது அவர் துணிபு. அதற்கு அந்நிலையத்தார் கண்ட உத்தி நுட்பமானது. இழந்த இடத்தை ஒரே பூச்சாக நிரப்பாது, செங்குத்தான மெல்லிய கோடுகளை நெருங்க நிறுத்தி நிறத்தைத் தோற்றுவிப்பர். சில அடி தொலைவில் நிற்பார்க்குக் கோடுகள் கலந்து ஓவியம் நிறைவுறும். அணுகி நோக்குவார்க்கு, ஈது எம் கை என்று கோடுகளே கூறும். தொலைவிலிருந்து காண்பதற்கே பிறந்த சுவரொட்டிக்கு இதனினும் பொருத்தமான முறையை யாம் கருத இயலவில்லை. சுவரொட்டி வாணிக உலகில் இது பெருவழக்காகாமைக்கு ஒரே காரணமே தோன்றுகின்றது. அணுகி நோக்குவானும் கண்டுகொள்ளக்கூடாது என்பதே அங்கு வேண்டப்படும் திறம்.

திரைப்படத்தைச் செப்பனிடுவார் இவ்வகையில் சுவரொட்டியாரினும் நேர்மை மிக்கவராகத் தோன்றுகின்றனர். மெட்ரோபோலிஸ் படம் வெளிவந்த சில திங்களிலேயே வெட்டிக் குறைக்கப்பட்டது. நீக்கிய பகுதிகள் ஒழிந்தன என்றே பலரும் எண்ணியிருந்தனர். 2008-இல் புவெனோசு ஐரிசு நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தில், 16 மில்லிமீட்டர்ச் சுருளாக ஒரு நெடும்படி கண்டெடுக்கப்பெற்றது. ஏறத்தாழ 25 நிமிடப் பகுதி அதனால் மீண்டு, 2010-இல் புதுவடிவம் வெளியாயிற்று. அர்ஜென்டினாப் படியிலிருந்து பெற்ற காட்சிகள் கீறல் மலிந்தவை. சட்டத்தின் அளவும் குறைந்தது. பதிப்பாளர் கணிப்பொறியால் இயன்ற மட்டும் துலக்கினரேயன்றி, ஏனைய காட்சிகளோடு வேறுபாடு தோன்றாதபடி மறைத்தாரல்லர். குறைந்த சட்டத்தின் விளிம்பைக் கருமையாகவே விட்டனர். அப்போதும் கிடையாத இரண்டொரு நிகழ்ச்சிகளுக்கு வேறெழுத்தில் விளக்கம் பொறித்தனர். காண்பவர் வெறுத்து எழுந்து செல்லவில்லை. எது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தே இரண்டரை மணிநேரமும் அமர்ந்து காண்கின்றனர். அதே படத்தின் சுவரொட்டி 2005-இல் 6,90,000 டாலருக்கு விலைபோன செய்தியை எல்லா நூலும் கூறுகின்றன. படம் பற்றிக் கேட்பதையே தாள் பற்றியும் கேட்டல் தகாதா?

மற்றொரு படியின் துணைகொண்டு நிரப்புதலை ஊகித்து நிரப்புதலோடு ஒன்றாக வைத்துக் கடிதலும் கூடாது. சுவரொட்டி அச்சிற் பிறந்தது. ஒரே கல்லினின்று பல தாள் பிறந்தன. வேறொரு படியில் அம்மூலை முழுமையாக இருக்குமாயின் அதனைப் பார்த்து நிரப்புதல் பிறிதோர் ஏட்டின் பாடத்தைக் கொள்வதே ஆகும். எப்படி, எங்குளது என்று குறித்துவிட்டால் குற்றம் இல்லை. லண்டன் ஆஃப்டர் மிட்நைட் போல ஒரே படியாக எஞ்சிய தாளுக்கு இவ்வாய்ப்பு இல்லை. அங்கு நிரப்புவதெல்லாம் ஊகமே. அருமை மிகுந்த தாளுக்கே பொருள் செலவிட்டு மிகுதியாகச் செப்பனிடுவர் என்பதை நினைக்குங்கால், மாற்றுச் சான்று இல்லாத இடத்திலேயே பிறழ்ச்சிக்கு வாய்ப்பு மிகுதல் காண்க.

இனி மடிப்பு. அதனை அழுத்தி மறைத்தலைச் செப்பனிடுவார் தலையாய வெற்றியாகக் கொள்கின்றனர். ஓலைச்சுவடியின் நடுவே கயிறு கோத்த துளை உண்டு. அத்துளையை அடைத்து ஓலையை நிறைவாக்க எவரும் கருதியதில்லை. ஓலை சுவடியாக இருந்தமைக்கு அத்துளையே அடையாளம். சுவரொட்டி ஊர்தோறும் சென்றமைக்கு மடிப்பு அடையாளம். நிறம் உதிர்ந்து முகத்தை மறைக்கும் மடிப்பை மென்மையாக்குதலை யாம் மறுத்திலேம். மடிப்பே இல்லாத புதுத்தாள் போலத் தோற்றுவித்தலையே மறுக்கின்றோம்.

ஒட்டுச்சீட்டின் செய்தி இன்னும் இரங்கத்தக்கது. அரங்கினர் தம் அரங்கின் பெயரையும் காட்டும் நாளையும் சிறுசீட்டில் அச்சிட்டுச் சுவரொட்டியின் அடியில் ஒட்டுவது வழக்கம். கடைச்சாளர அட்டைகளின் மேற்பகுதி இதற்கென்றே வெறுமையாக விடப்பட்டது. ஓவியத்தின் அழகைக் கெடுப்பது என்று கருதித் தொகுப்பாளர் அச்சீட்டை உரித்தெறிவர். அட்டையின் மேற்பகுதியை வெட்டியும் விடுவர். இன்ன படம் இன்ன சிற்றூரில் இன்ன நாளில் ஓடியது என்பதற்கு அச்சீட்டன்றி வேறு சான்று இல்லாமற் போகலாம். பிரான்சு நாட்டுத் தாள்களில் ஒட்டிய வரிமுத்திரையும் அத்தகையதே. காலத்தை வரையறுக்க உதவுவது. விளிம்பிலே சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயரும் எண்ணும் இருக்கும். விளிம்பு நைந்ததெனப் புதுவிளிம்பு சேர்ப்பார் அப்பெயரையும் இழக்கின்றனர். ஏட்டின் இறுதியில் எழுதினான் பெயரும் ஆண்டும் குறித்த வரியை அறுத்தெறிந்து, பாட்டு மட்டும் போதும் என்று வைத்துக்கொள்வதோடு இதனை ஒப்பிடலாம்.

இவ்வளவும் கூறியது தொகுப்பாளரைப் பழித்தற்கன்று. அரசும் நூலகங்களும் இத்தாள்களைக் குப்பையென ஒதுக்கிய காலத்தில், தம் கைப்பொருள் செலவிட்டுக் காத்தவர் அவரே. இந்தியப் படச்சுவரொட்டிகளுள் எஞ்சியவற்றுள் மிகப் பழையது எனப்படும் பாபுராவ் பெயிண்டரின் 'கல்யாண் கஜினா' 1924-ஆம் ஆண்டினது. அதற்கு முந்தியவற்றைப் போற்ற ஒரு தொகுப்பாளர் நமக்கு வாய்த்திலர். வாய்த்த நாடுகளிலும் அவர் பட்ட பாடு சிறிதன்று. பெர்லின் நகரத்துப் பல் மருத்துவர் ஆன்சு சாக்சு இளமை முதல் சுவரொட்டிகளைத் திரட்டினார். 1905-இல் சுவரொட்டி ஆர்வலர் சங்கம் கண்டார். 1910 முதல் 1921 வரை 'தாசு பிளகாத்' என்னும் இதழை நடத்தினார். பொருட்காட்சி, ஆடலரங்கு, திரைப்படம், அரசியல் எனப் பலதுறைத் தாள்கள் 12,500 அளவில் அவரிடம் சேர்ந்தன. அவர் யூதர். 1938-இல் நாசி அரசின் காவலர் அத்தொகுப்பு முழுவதையும் கவர்ந்தனர். அவர் அமெரிக்காவிற்குத் தப்பினார். தொகுப்பு அழிந்ததென்று கருதி 1961-இல் மேற்கு செருமன் அரசு தந்த இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டார். பின்னர், ஒரு பகுதி கிழக்கு பெர்லினில் இருப்பதை அறிந்தும் அதனை மீண்டும் காணாமலே 1974-இல் மறைந்தார். அவர் மகன் தொடுத்த வழக்கில் 2012-இல் செருமன் உயர்முறை மன்றம் எஞ்சிய தாள்களைத் திருப்பித் தருமாறு தீர்ப்பளித்தது. மீண்டவை 4,000-க்கு மேற்பட்டவை. 2013 முதல் அவை நியூயார்க்கு நகரில் ஏலத்தில் விற்கப்பெற்றுப் பலர் கைக்குச் சென்றன.

மீளாத 8,000 அளவிலான தாள்களுள் யாவை எரிந்தன, யாவை பிறர் பேழைகளில் உறங்குகின்றன என்பது இன்றுவரை தெளியாத செய்தி. ஒரு தாள் யாருடைய தொகுப்பில் இருந்தது என்பதற்கு ஓவியம் விடை கூறாது. உடையார் முத்திரை, காப்பகத்து எண், பென்சிற் குறிப்பு முதலியன பெரும்பாலும் தாளின் பின்புறத்தேயே இருப்பன. கித்தானில் ஒட்டுவதற்கு முன் அப்பின்புறத்தை நிழற்படம் எடுத்து வைக்குமாறு செப்பனிடுவாரைக் கேட்கும் தொகுப்பாளரும் உளர், கேளாதாரும் உளர். கேளாதார் கையிற்பட்ட தாளில் அவ்விடம் பசைக்கும் துணிக்கும் பின்னே அடைபட்டுவிடுகின்றது.